லிஃப்ட்காரர் முடித்த மாத்திரை

"முடிச்சாச்சு. ஒண்ணு மிச்சமில்ல. அட்டை காலி"ன்னு சொன்னாரு லிஃப்ட்காரர், கிளினிக் பெஞ்சுல மனைவி பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு.

அட்டை காலியானது நிஜம். மாத்திரை போன இடம்தான் வேற. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற கட்டடத்துல, லிஃப்ட் குழிக்குள்ள.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்ல. மனைவிக்கு எடுக்காத டெஸ்ட் இல்ல. அவகிட்ட கோளாறு எதுவும் இல்லைன்னு ஆனப்புறம்தான் டாக்டரம்மா பார்வை இவர் பக்கம் திரும்புச்சு. கிருமித் தொற்று. "விந்தணு இருக்கு, நீந்தத்தான் மாட்டேங்குது. கிருமி அதை ஓட விடல. சரிபண்ணப் பார்க்கலாம். ரெண்டு பேரும் மாத்திரையை முழுசா முடிக்கணும்"னாங்க.

ஒண்ணுக்குப் போறப்போ இருந்த எரிச்சல் நிக்கிற வரைக்கும் இவரு முழுங்கினாரு. எரிச்சல் போனா கிருமியும் போச்சுன்னு அவரே தீர்ப்பு சொல்லிட்டாரு. நல்லா ஓடுற லிஃப்டையும் மாசாமாசம் பிரிச்சுப் பார்க்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன். ஆனா ஒவ்வொரு மாத்திரையும் 'குறை உனக்குத்தான்'னு சொல்லிக்கிட்டே தொண்டையில இறங்குச்சு. அதான் அவரால தாங்க முடியல.

"வயித்தைப் படுத்துச்சா?"ன்னு கேட்டா மனைவி.

"எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

"ஒண்ணுக்கு நீலமா போயிருக்குமே, பயந்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி ஆயிட்டாரு. இல்லைன்னு சொன்னா மாட்டிக்குவோம்.

"அதுவா? ஆரம்பத்துலயே போச்சே. பேனா மை மாதிரி. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

"கடைசி வரைக்குமா?"

"கடைசியில இன்னும் அழுத்தமா."

மனைவி தலையாட்டிக்கிட்டா. "எனக்கும் அதே மாத்திரைதாங்க. ஒரு நிறமும் மாறல."

"ஆம்பளை உடம்பு வேற இல்லையா?"

"கிருமி அதெல்லாம் பார்க்காதுங்க. நீங்க பாதியில விட்டா உங்ககிட்ட இருந்து திரும்ப எனக்கு வரும். நான் முழுங்கினதும் வீண்." குரல் லேசா இறங்குச்சு. "எனக்குக் குழந்தை வேணும். குறை யாருக்குன்னு நான் எப்பவாவது கேட்டேனா?"

அவருக்கு என்னமோ போல ஆயிடுச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள நர்ஸ் வந்து நின்னுட்டாங்க.

"மாத்திரையில ஏதாவது தொந்தரவு உண்டா?"

"இவருக்கு நீலமா போகுதாம்"னு முந்திக்கிட்டா மனைவி.

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாங்க. "இந்த மாத்திரைக்கா? டாக்டரம்மா அவசியம் பார்க்கணும்பாங்களே." சின்ன டப்பா ஒண்ணை எடுத்து நீட்டினாங்க. "பாத்ரூம் கடைசிக் கதவு. நிறைய வேணாம், நீலம் தெரியிற அளவுக்குப் போதும். வாங்க சார்."

லிஃப்ட்காரர் டப்பாவை வாங்கிக்கிட்டு அவங்க பின்னாடியே போனாரு.