தேன்மெழுகுக் களிம்பும் வெள்ளைப் பாப்பா பனியன்களும்

ஒரு விஷயத்தைப் பாதி தெரிந்தவளுக்கு வருகிற தைரியம், முழுதும் தெரிந்தவளுக்கு வராது. எனக்கு அன்றைக்கு அசாத்திய தைரியம்.

கல்யாணமான புதிது. திருப்பூரில் கணவரின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைவெடிப்புக்குப் பூசும் ஜெல்லி பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்று எங்கோ படித்துவிட்டேன்.

"ஏனுங்க மாமா, வண்டிக்கு ஊத்தறதைக் கையில பூசுவாங்களா?" என்று அவரிடம் கொதித்தேன். (இரண்டும் ஒன்றல்ல என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கொதித்திருப்பேன்.)

தேன்மெழுகை உருக்கி, தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் களிம்பு காய்ச்சினேன். அருமையாக வந்தது. மார்கழிக் குளிரில் செக்கிங் பெண்களுக்கெல்லாம் கை வெடித்துக் கிடந்தது. ஆளுக்கொரு டப்பா கொடுத்து, "தாராளமாப் பூசுங்க" என்றேன்.

"யக்கா, கை வெண்ண கணக்கா ஆயிட்டுல்லா!" என்றாள் தூத்துக்குடிக்காரி செல்வி.

நான் பூரித்துப்போனேன். ஏற்றுமதிக்குத் தயாரான வெள்ளைப் பாப்பா பனியன்களைப் பார்க்க, சரக்கு வாங்கும் பையர் தரப்பிலிருந்து ஓர் அம்மாள் வரவிருந்த நாள் அது. பெண்களும் வெண்ணெய்க் கைகளோடு கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, மடித்து அடுக்கினார்கள்.

அந்த அம்மாள் வந்தார். முதல் பனியனை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். ஐந்து விரலும் எண்ணெய்த் தடமாகப் பளிச்சென்று தெரிந்தன. அடுத்ததிலும் அப்படியே. பெட்டி பெட்டியாகக் கைரேகை.

"இது மெஷின் ஆயிலா?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லீங்க! பெட்ரோலியமே கிடையாதுங்க. அத்தனையும் இயற்கைங்க. கொழந்தை சப்புனாலும் ஒண்ணும் ஆகாதுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார். மொத்தச் சரக்கும் ரிஜெக்ட்.

அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்தேன், கையிலிருந்த களிம்பு இமையெல்லாம் அப்பியது.

மறுபடி சலவை, மறுபடி அயர்ன், மறுபடி பேக்கிங். கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது. (அந்தச் செலவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெருமூச்சோடு சரி.) அந்த அம்மாள் மட்டும் அன்றைக்குக் கிளம்பும்போது என் காதருகே வந்து, "ஒரு டப்பா கிடைக்குமா?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. போன மாதம் அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் அருகே மட்டும்தான் இடம் இருந்தது. கொழுந்தனார் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, மொதல்ல கையக் காட்டுங்க" என்றார். பந்தியே சிரித்தது.

இரண்டு கையையும் விரித்து நீட்டினேன். பார்க்கட்டுமே! அந்தப் பந்தியிலேயே வெடிப்பில்லாத கை என்னுடையதுதான்.