முச்சேமி மாமாவின் மூன்று லட்சம்

நைரோபியில் நல்ல சம்பளம் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். அதைச் சொல்வதற்கென்றே ஓர் இனம் அங்கே உலவுகிறது. 'போதாதார்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அலுவலக மாடிப்படியிலும் பஸ் வரிசையிலும், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலிலும், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது சோற்று வரிசையில் தட்டோடு நிற்கும்போது உங்களுக்குச் சரியாகப் பின்னாலும் அவர்களைக் காணலாம். அடையாளம் எளிது. நலம் விசாரிப்பார்கள். குழந்தைகளை விசாரிப்பார்கள். பிறகு குரலை இறக்கி, "இப்ப எவ்வளவு தர்றாங்க?" என்பார்கள்.

நீங்கள் தொகையைச் சொல்வீர்கள். சொல்லாமல் இருக்க முடியுமா?

போதாதார் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் கண்களை மூடுவார். அடுத்து, "கையிலயா, காகிதத்திலயா?" என்று கேட்பார்; பிடித்தம் போக வருவதா, சீட்டில் எழுதியிருப்பதா என்று அர்த்தம். கையில்தான் என்று நீங்கள் உறுதி சொன்னதும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு 'ச்' கொட்டுவார். சாவு வீட்டில்கூட அவ்வளவு இரக்கமான 'ச்' உங்களுக்குக் கிடைக்காது.

இந்த இனத்தின் தலைமகன் முச்சேமி. வயது ஐம்பத்து நான்கு. நகர நடுவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் மூத்த குமாஸ்தா. அவர் விதித்த அளவு மூன்று லட்சம் ஷில்லிங். அதற்குக் கீழே எது வந்தாலும் அது சம்பளம் இல்லை, பஸ் காசு. ஒருமுறை யாரோ ஒருவன் உண்மையிலேயே மூன்று லட்சம் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டான். முச்சேமி கண்ணை மூடி யோசித்து, "பிள்ளைங்க இருக்கா? இருக்குன்னா கஷ்டம்தான்" என்றார்.

சரி, அவருக்கு எவ்வளவு? அது மட்டும் யாருக்கும் தெரியாது. மனைவி ஞோக்கிக்கும் தெரியாது. மாதக் கடைசியில் வரும் சம்பளச் சீட்டை எட்டாக மடித்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, இடது காலுறைக்குள் செருகிக்கொள்வார். அடுத்த மாதச் சீட்டு வரும்வரை அது அங்கேயேதான் இருக்கும்.

இந்த மாமாவிடம்தான் வைரேகி மாட்டினான். இறந்துபோன அக்காவின் மகன். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். சம்பளம் எண்பத்தைந்தாயிரமாக உயர்ந்த அன்று கேக் வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினான்.

"மாமா, எண்பத்தஞ்சு!"

"கையிலயா, காகிதத்திலயா?"

"கையில மாமா."

"ச்." மாமா கேக்கில் ஒரு துண்டு வெட்டினார். "கல்யாணம் கில்யாணம்னு இப்போதைக்கு எதுவும் பேசிடாதடா. நீ இருக்கிற ரோங்கையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்து போறதுக்கே பாதி போயிடும். வாடகை, தண்ணி லாரி, கரண்ட்டு, சமையல் கேஸு. அப்புறம் அவ தலைமுடி பின்னிக்கிற செலவு ஒண்ணு இருக்கு, அதை யாருமே கணக்குல சேர்க்கறதில்ல."

கேக்கோடு வந்தவன் கவலையோடு திரும்பினான். பெண் பேசப் போவதை ஓர் ஆண்டு தள்ளிப் போட்டான். மறு ஆண்டும் தள்ளினான். அவன் கட்டிக்கொள்ள இருந்த நியோகாபி பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஒரு மாதக் கடைசி உண்டல்லவா?

"இந்த டிசம்பருக்குள்ள உங்க ஆளுங்க எங்க வீட்டு வாசலுக்கு வரணும்" என்றாள். "வரலைன்னா நீ உங்க மாமாவோடயே குடித்தனம் பண்ணிக்கோ. அவருக்குத் தலை பின்ற செலவும் இல்ல."

வைரேகி பயந்துபோனான். மாமாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பரிசப் பேச்சுக்கு எல்லாரும் தீக்கா ஊருக்குப் பக்கத்தில் இருந்த பெண் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வைரேகிக்கு அப்பாவும் இல்லை என்பதால் பேச்சாளர் பதவி மாமாவுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பது?

வாசல் கதவைச் சாத்திக்கொண்டு பெண் வீட்டுப் பெண்கள் உள்ளேயிருந்து பாட, இவர்கள் வெளியே வெயிலில் நின்று பதில் பாட்டுப் பாடி, தொண்டை வறண்டபின் கதவு திறந்தது. சாப்பாடு முடிந்தது. பெரியவர்கள் தனி அறையில் உட்கார்ந்தார்கள். அங்கே மாப்பிள்ளை இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. வைரேகி ஒரு சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தான்.

பெண்ணின் பெரியப்பா கபிரு, ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். நிதானமாக ஆரம்பித்தார்.

"நூறு ஆடு."

மாப்பிள்ளை வீடு தர வேண்டிய பரிசம் அது. எல்லாம் பேச்சில் வரும் ஆடுகள்தான். கொடுக்கும்போது பணமாகத்தான் கொடுப்பார்கள். இந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏழ்மையைப் பாட வேண்டும். அதுதான் முறை. முச்சேமிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஊரெல்லாம் இலவசமாகச் சொல்லித் திரிந்ததை முதன்முறையாக ஒரு காரியத்துக்காகச் சொல்லப் போகிறார். எழுந்து நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பெரியவரே, பையனுக்குக் கையில வர்றது எண்பத்தஞ்சாயிரம். நைரோபியில அது சம்பளமா? பஸ் காசு!" என்று தொடங்கியவர், வாடகைக்குப் போனார், தண்ணீர் லாரிக்குப் போனார், பள்ளிக் கட்டணம், பல் வைத்தியம், போன வாரம் வெங்காயம் விற்ற விலை என்று ஒன்றையும் விடாமல் தொட்டு, மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள் தலையாட்டத் தலையாட்ட உற்சாகம் ஏறி, கடைசியில் கையை உயர்த்தி முழங்கினார்: "அந்த ஊர்ல ஒரு குடும்பம் மானத்தோட இருக்கணும்னா மூணு லட்சம் வேணும். மூணு!"

கபிரு கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி தம்பி. அப்போ எங்க பொண்ணு எதைச் சாப்பிடுவா?"

"என்னது?"

"நீங்கதானே சொல்றீங்க, இந்தக் காசுல மானத்தோட இருக்க முடியாதுன்னு. பையனுக்கு மூணு லட்சம் வரட்டும். அப்புறம் வாங்க. பொண்ணு எங்கயும் ஓடிப் போக மாட்டா."

பெண் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பக்கத்துச் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அதை விட்டது யார் கை என்று வைரேகிக்குத் தெரியும். டிசம்பர் முடிய இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது.

அந்த நேரத்தில் சுரைக்குடுக்கையில் கஞ்சியோடு பெண்ணின் அத்தை வைரிமு உள்ளே வந்தாள். முச்சேமியைப் பார்த்ததும் நின்றாள்.

"அட, நம்ம அரை பிளேட் ஐயா!"

முச்சேமிக்கு முகம் செத்தது. அவருடைய அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள் இந்த வைரிமு. ஒன்பது வருடமாக அங்கேதான் அவருக்கு மதியச் சாப்பாடு. வயிறு சரியில்லை என்று சொல்லி, அரை பிளேட் பீன்ஸ், ஒரு சப்பாத்தி. மூன்று லட்சச் சொற்பொழிவுக்கும் அதுதான் மேடை. அவள் இந்த வீட்டுப் பெண் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"உள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் வைரிமு. "ஒன்பது வருஷமா ஊர்ல எல்லார் சம்பளத்தையும் கேட்டீங்க. உங்களை யாரும் கேட்கல. இப்ப நான் கேக்கறேன். உங்களுக்கு எவ்வளவு ஐயா?"

முச்சேமி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகனைப் பார்த்தார். அவன் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

அவர் குனிந்தார். இடது ஷூவைக் கழற்றினார். காலுறைக்குள் விரலை விட்டு, தபால்தலை அளவுக் காகிதத்தை எடுத்துக் கபிருவிடம் நீட்டினார். கபிரு அதை மூக்கிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்து, எட்டு மடிப்பையும் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு படிக்கிற குரலில் படித்தார்.

"கையில வர்றது அறுபத்தெட்டாயிரத்து நானூறு."

யாரும் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார் கபிரு.

"மூணு. ரெண்டு பேரு படிச்சு முடிச்சாச்சு. சின்னவ காலேஜ்ல இருக்கா." முச்சேமியின் குரல் இவ்வளவு சின்னது என்று வைரேகிக்கு அன்றுதான் தெரிந்தது. "கிட்டெங்கேலாவுல வீடு. ரெண்டு ரூம்தான். சொந்தம்."

"இந்தக் காசுலயா?"

"இதுலதான்."

"எப்படிய்யா?"

முச்சேமி வைரிமுவைப் பார்த்தார். "அரை பிளேட்" என்றார்.

வைரிமு தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி ஊற்றத் தொடங்கினாள். முதல் கோப்பை அவருக்கு. விளிம்பு வரைக்கும்.

கபிரு சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

"அறுபத்தெட்டுலயே இவ்வளவு செய்யலாம்னா" என்று கபிரு யோசனையோடு சொன்னார், "எண்பத்தஞ்சு வாங்கறவன் பெரிய பணக்காரனாச்சே. நூறு ஆடு கம்மி. நூத்தி இருபது!"

இப்போது அறை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. சமையலறையும் சிரித்தது. ஆடு முழுவதையும் கொடுத்து முடித்த மருமகன் அந்தப் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை என்பதால் நூற்றிருபதுக்கும் சரி என்றார்கள். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை கல்யாணம் என்று முடிவானது.

முச்சேமி திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

திங்கட்கிழமை மதியம் வைரிமு கேட்காமலே முழு பிளேட் வைத்தாள். எதிரில் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முச்சேமி குழம்பைக் கிளறினார். பொறுத்தார். பொறுக்க முடியவில்லை.

"எவ்வளவும்மா தர்றாங்க?"

"நாற்பதாயிரம் சார்."

கண்கள் மூடின. நாக்கு மேலே போனது. அடுப்படியில் வைரிமு கரண்டியை உயர்த்தினாள். நாக்கு மெதுவாகக் கீழே இறங்கியது.

"சமாளிக்கலாம்மா" என்றார் முச்சேமி. இரண்டு வாய் சாப்பிட்டார். வைரிமு அடுப்புப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, குரலை இறக்கினார். "ஆனா நல்ல சம்பளம்னா நாலு லட்சம். இப்ப ஆடு விலையெல்லாம் ஏறிப்போச்சு."

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். வைரேகிக்கு எண்பத்தைந்தாயிரம் என்று படித்தவுடன், ஒரு ஷில்லிங்குக்கு நம் ஊரில் எத்தனை காசு என்று மனத்துக்குள் ஒரு பெருக்கல் ஓடியதல்லவா? விடை வந்ததும் நாக்கு எங்கே போயிற்று?

அதுதான். காலுறையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.