ஆறாம் குழியில் கை கொடுத்தது பற்றி மருமகனுக்கு

கஹவத்தை,
13.10.1998, செவ்வாய்க்கிழமை.

என் அண்ணன் பெற்ற பிள்ளையும் எனக்கு மருமகன் முறையுமான யோகராஜுக்கு, அத்தை வெள்ளையம்மா மனக் கஷ்டத்தோடு எழுதும் மடல். முருகன் கிருபையால் இங்கு நானும் மாமாவும் ஆடுகள் இரண்டும் சுகம். அங்கு நீயும் உன் அக்கா பிரேமலதாவும் அவள் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கதிர்காமத்தான் துணை நிற்பானாக. யட்டியாந்தோட்டையில் மழை எப்படி என்று தெரியவில்லை. இங்கே மழையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை நீ கிளப் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிட்டுப் போயிருந்தா அந்த எடத்துலயே நான் ஒக்காந்து அழுதிருப்பேன். ஏன்னா உன் வேலை போனதுக்குக் காரணம் நீ இல்ல, மழையும் இல்ல, ஹபுகொட துரையும் இல்ல. நாந்தான். இத மூணு நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டு விளக்கு கொளுத்துறேன், திரி நிக்க மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்ச கதையும் இதுல வரும், பொறுத்துக்க. முதல்லேருந்து சொன்னாத்தான் பாவம் எந்த எடத்துல ஏறுச்சுன்னு எனக்கே வெளங்கும்.

மூணு வருசமா நீ அந்தத் துரைமாரு கிளப்புல தற்காலிகமா நிக்கிறே. கோல்ப் ஆட வர்றவங்கள வரிசையா அனுப்புறது, நேரம் பாக்குறது, பை தூக்குறவங்களப் பிரிச்சு விடுறது எல்லாம் நீதான். ஒவ்வொரு வருசமும் கப் ஆட்டம் நடக்குற அன்னிக்குப் பாதி ஆட்டத்துல மழை புடிச்சுக்கும், துரைமாரெல்லாம் நனைஞ்ச கோழியா வந்து நிப்பாங்க, கப்பு அலமாரிக்கே திரும்பிப் போயிரும். இந்த வருசம் செக்ரட்டரி தருமலிங்கம் ஐயா உன்னையக் கூப்பிட்டு, "இஞ்ச பாரும் யோகராஜ், மழைக்கு முன்னம் கடைசி ஆளும் ஆடி முடிச்சா உம்மை நிரந்தரமாக்கிறன். முடியாட்டி நான் வேற ஆளைப் பாக்கவேண்டி வரும்" அப்படின்னு யாழ்ப்பாணத்துக் கண்டிப்போட சொல்லிட்டாரு. நீ அன்னிக்குச் சாயங்காலம் கொப்பியும் பென்சிலுமா எங்க வீட்டுக்கு வந்தே. நான் பலாக்கொட்டை உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

"அத்தே, ஒம்பது குழிய ரெண்டு சுத்து ஆடணும். நாலு நாலு பேரா பதினோரு கூட்டம். எங்க பாத்தாலும் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க" அப்படின்னே. எத்தன நிமிசத்துக்கு ஒரு கூட்டத்த விடுறேன்னு கேட்டேன். சீக்கிரம் முடியணுமேன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணுன்னே. அங்கதாண்டா தப்பு பண்றேன்னு சொன்னேன். முப்பத்தெட்டு வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்தவ நான். எல்லாரையும் ஒரே நேரத்துல மலைக்குள்ள தள்ளி விட்டா கூடையும் கூடையும் இடிச்சுக்கிட்டு எல்லாரும் நிப்பாளுங்க, ஒருத்தியும் எடுக்க மாட்டா. நல்ல கங்காணின்னா எடம் விட்டுத்தான் நெரை புடிச்சுக் குடுப்பான். பத்து நிமிசத்துக்கு ஒரு கூட்டம் விடு, தானா நகரும்னேன். பின்னால வர்றவன் வேகமா வந்தா முன்னால நிக்கிறவன் ஒதுங்கி வழி விடட்டும், ஒரு பந்து காணாமப் போனா நாலு பேரும் சேந்து தேட வேணாம், ஒருத்தன் தேடட்டும் மத்தவங்க அடிச்சுக்கிட்டுப் போகட்டும்னேன். நீ அத்தனையும் எழுதிக்கிட்டே. மாமா உள்ள இருந்துக்கிட்டு, "பந்த ஒருவாட்டி கூடத் தொடாதவ சொல்றா, பந்தடிக்கிறவன் மகன் எழுதிக்கிறான்" அப்படின்னாரு. உன் அப்பா கிளப்புல புல்லு வெட்டுன ஆளு, எப்ப பந்தடிச்சாருன்னு நான் கேட்டேன்.

அப்புறம் அந்த ஆறாம் குழி. அடிக்கிற எடத்துக்கும் குழிக்கும் நடுவுல மேடு. அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னு அடிக்கிறவங்களுக்குத் தெரியாது. மண்டை ஒடையுமேன்னு பயந்து ஒவ்வொரு கூட்டமும் ஆள அனுப்பிப் பாத்துட்டுத்தான் அடிக்கும். அங்கயே கால் மணி போயிரும். நீதான் சொன்னே, "அத்தே, நீங்க மேட்டுக்கு அந்தப் பக்கம் கல்லுல ஒக்காந்துக்கங்க. ஒரு கூட்டம் குழிய முடிச்சுட்டு நகந்ததும் மணிய அடிங்க, அதக் கேட்டு அடுத்த கூட்டம் அடிக்கும்" அப்படின்னு. கிளப்புல சாப்பாட்டுக்கு அடிக்கிற பித்தள மணிய என் கையில குடுத்தே. பந்த மட்டும் தொடாதீங்கன்னும் சொன்னே. சொன்னேதான். அத நான் மறுக்கல.

சனிக்கிழமை புரட்டாசி விரதம். காலையிலேருந்து தண்ணி மட்டும்தான். கல்லுல ஒக்காந்து கந்த சஷ்டியச் சொல்லிக்கிட்டே மணி அடிச்சேன். ஒரு குறையும் இல்ல ராசா. முதல் சுத்துல ஒரு எடத்துலயும் தேங்கல. ஒரு இளவட்ட டாக்குட்டரு கூட்டம் வேகமா வந்துச்சு, முன்னால போன பேங்குக்காரங்க ஒதுங்கி நின்னு வழி விட்டாங்க, நான் பாத்துப் பூரிச்சுப் போனேன். ரெண்டாவது சுத்துல பன்னெண்டு மணிக்கு நீயும் தருமலிங்கம் ஐயாவும் என் பக்கமா வந்தீங்க. அவரு கைக்கடிகாரத்தப் பாத்துட்டு, "உப்பிடியே போனா ஒண்டரைக்கு முன்னம் முடிஞ்சிடும் போல. உம்மட நிரந்தரக் கடிதத்தை டைப் பண்ணச் சொல்லட்டோ" அப்படின்னு சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். உன் மொகத்தையும் பாத்தேன்.

நீங்க அந்தப் பக்கம் போனதும் ஹபுகொட துரை கூட்டத்துக்கு மணி அடிச்சேன். அவருக்குப் பின்னால இன்னும் ரெண்டே கூட்டம். ரத்னபுரி பக்கம் வானம் சட்டி அடி மாதிரி கறுத்துக்கிட்டு வந்துச்சு. மூணு பந்து வந்து புல்லுல நின்னுச்சு. நாலாவது பந்து மேட்டத் தாண்டி எடது பக்கமா வந்து தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்து சேத்துல பொதைஞ்சுச்சு. அது யாரு பந்துன்னு பாக்காமலே தெரியும். துரை நாங்க வேல செஞ்ச காலத்துல எங்க தோட்டத்துப் பெரிய துரை, நல்ல மனுசன், ஆனா ஒரு பந்து காணாமப் போனா பொறந்த பிள்ளையத் தொலைச்ச மாதிரி தேடுவாரு. ஒருத்தர் மட்டும் தேடணும்னு நீ போட்ட சட்டத்த அவருகிட்ட யாரு சொல்றது. அவரு தேடுனா மத்த மூணு பேரும் மரியாதைக்காகத் தேடுவாங்க. போன வருசம் இருவது நிமிசம் கானுக்குள்ள எறங்கி நின்னாருன்னு நீதானே சொன்னே.

இப்ப நான் செஞ்சதச் சொல்றேன். கொழுந்து மலையில வயசான ஒருத்தி நெரையில பிந்திட்டா ரெண்டு பக்கத்து நெரைக்காரிகளும் அவ செடியில ரெண்டு கை எடுத்து அவ கூடையிலயே போட்டு, அவள வரிசைக்கு இழுத்துக்கிட்டு வருவோம். அதுக்குக் கை குடுக்குறதுன்னு பேரு. கங்காணியும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குவான். என் கை முப்பத்தெட்டு வருசம் பழகுன கை. அது என்னையக் கேக்கல. கானுக்குள்ள எறங்குச்சு, பந்த எடுத்துச்சு, முந்தானையில சேத்தத் தொடைச்சுச்சு, குழிக்குக் கிட்டக்க புல்லுல வச்சுச்சு. அந்த எடம் சரிவுன்னு எனக்கு எப்படித் தெரியும். பந்து மெல்ல உருண்டு குழிக்குள்ள போயி விழுந்துச்சு. எடுக்கலாம்னு குனியுறதுக்குள்ள மேட்டு மேல செல்லையா அண்ணன் துரையோட பையத் தூக்கிக்கிட்டு தலை காட்டிட்டாரு. நான் கல்லுல வந்து ஒக்காந்துக்கிட்டேன். எப்படியும் குழிக்குள்ள போடத்தானே இவ்வளவு பாடு படுறாங்க, போனது நல்லதுதான், இன்னும் நாலு நிமிசம் மிச்சம்னுதான் நெனச்சேன். முருகன் மேல ஆணையா அப்படித்தான் நெனச்சேன்.

நாலு பேரும் தேட ஆரம்பிச்சாங்க. துரை நேரா கானுக்குத்தான் போனாரு. எனக்கு நேரம் போகுதேன்னு தவிப்பு. "ஐயா, எதுக்கும் குழிக்குள்ள ஒருவாட்டி பாத்துருங்க" அப்படின்னு வாய் விட்டுட்டேன். செல்லையா அண்ணன் குனிஞ்சு பாத்தாரு. தலையில கைய வச்சாரு. "ஐயா, ஒரே அடியில உள்ள போட்டுட்டீங்க" அப்படின்னு அவரு சொன்னதும் நாலு பேரும் மட்டையக் கீழ போட்டாங்க. துரை அப்படியே புல்லுல ஒக்காந்துட்டாரு. ஒருத்தன் ஆயுசு பூரா ஆடுனாலும் ஒரே அடியில குழிக்குள்ள போடுறது கெடைக்காத பாக்கியமாம். போட்டவரு எல்லாருக்கும் விருந்து வைக்கணுமாம், அதுவரைக்கும் யாரும் அடுத்த அடி அடிக்க மாட்டாங்களாம். நீ எனக்கு நூறு விசயம் சொல்லிக் குடுத்தே, இத மட்டும் ஏண்டா சொல்லாம விட்டே. சரி, உன்னையச் சொல்லி என்ன.

முன்னால போன கூட்டம் திரும்பி ஓடி வந்துச்சு. பின்னால இருந்த ரெண்டு கூட்டமும் மட்டையப் போட்டுட்டு மேடேறி வந்துச்சு. கிளப்புல சமைக்கிற கோக்கி தட்டுல போத்தலும் கிளாசுமா வந்தான். தருமலிங்கம் ஐயா, "என்ன நடக்குது இஞ்ச, ஏன் நிக்கிறியள்" அப்படின்னு கத்திக்கிட்டு ஓடி வந்தாரு, விசயத்தக் கேட்டதும் அவரும் கை குடுத்துட்டு ஒரு கிளாச எடுத்துக்கிட்டாரு. போட்டோ புடிக்கிறவரக் கூட்டியாரக் கஹவத்தைக்குக் காரு போச்சு. நீ ஒவ்வொருத்தர் முன்னாலயும் போயி, "ஐயா, ஆடி முடிச்சுட்டு அங்க போயி வச்சுக்கலாம் ஐயா, வானம் இருட்டுது" அப்படின்னு கெஞ்சுனே. ஒருத்தரும் காதுல வாங்கல. துரை என்னையக் கூப்பிட்டு, "வெள்ளையம்மா கை ராசிதான், அவ மணி அடிச்சுத்தான் விழுந்தது" அப்படின்னு நடுவுல நிக்க வச்சுப் போட்டோ புடிச்சாரு. கையில மணி. நெத்தியில விபூதி. போட்டோவுல நான் சிரிக்கிறேன்னு சொல்றாங்க. அது சிரிப்பு இல்ல.

ஒண்ணரைக்கு மழை எறங்குச்சு. நாலு கூட்டம் ஆடி முடிக்கல. தருமலிங்கம் ஐயா வராந்தாவுல நின்னு, "நேரத்துக்குப் பொறுப்பு நீர்தானே. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்" அப்படின்னப்ப நான் அஞ்சடி தள்ளித் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். மணி கையில இருந்துச்சு. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, "ஐயா, அவன் மேல தப்பு இல்ல" அப்படின்னு சொல்லியிருக்கலாம். உள்ள துரை பாட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தாரு, அந்தப் பாட்டு நின்னு போயிருமேன்னு நெனச்சு நின்னுட்டேன். அவரு பாட்டுக்காக உன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டவ நான்.

அதோட முடியல. நேத்து துரை ஒரு தாறு வாழைப்பழமும் தேங்காயும் நம்ம கோயிலுக்கு அனுப்பி, என் பேருலயும் அவரு பேருலயும் அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்காரு. பூசாரி என் பேரச் சொல்லி மணிய ஆட்டுறாரு, எனக்கு அந்தச் சத்தத்துல கானும் சேறும்தான் ஞாபகம் வருது. விபூதிய வாங்குனேன், பூசிக்க முடியல, சேலையில முடிஞ்சு கொண்டாந்து சாமிப் படத்துக்கிட்ட வச்சுட்டேன். அதனால முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில கிளப்புக்குப் போயி தருமலிங்கம் ஐயா முன்னாலயும் எல்லா துரைமாரு முன்னாலயும் நடந்தத நடந்தபடி சொல்லிருவேன். துரை பேர சொவத்துல எழுதப் போறாங்களாம், எழுதுறதுக்கு முன்ன சொல்லிரணும். எனக்கு என்ன ஆனாலும் சரி. உன் பேரு கெட்டுப் போகாம இருந்தாப் போதும்.

நீ அங்க சும்மா இருக்காம உன் அக்கா வீட்டுக்காரரு கடையில ஒத்தாசையா இரு. குளிச்சுட்டுத் தலையத் தொவட்டு, உனக்குச் சளி புடிக்கும். பிரேமலதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லாரையும் முருகன் கையில ஒப்படைச்சு, உன்கிட்ட மன்னிப்புக் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை,
வெள்ளையம்மா.

பின் குறிப்பு: இன்னிக்குப் புதன்கிழமை. மேல எழுதுனத திருப்பி எழுதக் கை வலிக்குது, அதனால கீழயே எழுதுறேன். கிளப்புக்குப் போறதுக்கு முன்ன சம்பந்தப்பட்டவருகிட்ட முதல்ல சொல்றதுதான் மொறைன்னு துரை பங்களாவுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். அவரு எந்திரிச்சுப் போயி கதவச் சாத்துனாரு. "பந்து எடது பக்கம் போனது நான் கண்ணால பாத்தேன் வெள்ளையம்மா" அப்படின்னாரு. செல்லையா அண்ணன் குழியிலேருந்து பந்த எடுத்து நீட்டுனப்பவே தெரியுமாம். "நாப்பது வருசம் ஆடுறேன். வேணாம்னு சொல்ல வாய் வரல்ல" அப்படின்னாரு. அப்புறம் அவரே உக்காந்து செக்ரட்டரிக்குக் கடிதம் எழுதுனாரு, ஆட்டம் நின்னது என்னாலதான், பையன் நிப்பாட்ட வேணாம்னு கெஞ்சுனான், அவன நிரந்தரமாக்காட்டி நான் கிளப்புக்கு வரமாட்டேன்னு. திங்கக்கிழமை காலையில உன்னைய வரச் சொல்லித் தருமலிங்கம் ஐயா ஆள் அனுப்பியிருக்காரு. ஆக மேல எழுதுன எதுவும் நடக்கல, நீயும் எதையும் படிக்கல. படிச்சிருந்தா அடுப்புல போடு, பிரேமலதாகிட்ட வாசிச்சுக் காட்டாதே. துரை பேர நேத்தே சொவத்துல எழுதிட்டாங்க, தங்கக் கலருல. பாவத்துல பாதிய அவரு எடுத்துக்கிட்டதால விபூதி பூசிக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், அடுத்த வருசம் அந்தக் கல்லுல வேற யாரையாவது உக்கார வை. அவரு பந்து மறுபடியும் கானுக்குத்தான் போகும், என் கை சும்மா இருக்காது.