அப்பீல் அண்ணையின் ரோஸ் நிறப் பொம்பிளை

குருநகரில் பிறந்து, குருநகரில் கடலுக்குப் போய், குருநகரிலேயே கரையேறி வயதான மனிதர்களில், வாழ்நாளில் எந்தத் தீர்ப்பையும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் ஒழுங்கையின் அப்பீல் அண்ணைதான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது சற்று உறுதியான குரலில் சொன்னால் போதும். "ஆர் சொன்னது? எங்கை நிண்டு பாத்துச் சொன்னவர்?" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிவிடுவார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். பங்கில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

ஒருமுறை கடற்கரையில் உதைபந்தாட்டம். கடைசி நேரத்தில் விழுந்த கோல் செல்லாது என்று நடுவர் சொல்லிவிட்டார். அண்ணை அதில் விளையாடவில்லை. அவருடைய பிள்ளைகள் விளையாடவில்லை. இரண்டு அணியிலும் அவருக்குச் சொந்தக்காரர்களும் இல்லை; குருநகரில் அதுவே ஒரு அதிசயம். ஆனாலும் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையை மறித்து, கோலைத் திருப்பித் தரவேண்டும் என்று நின்றார். தோற்ற அணிக்காரர்களே வந்து, "அண்ணை, நாங்கள் மறந்திட்டம், நீங்களும் மறவுங்கோ" என்று கெஞ்சினார்கள். "நீங்கள் ஆர் மறக்க? அநியாயம் கோலுக்கெல்லோ நடந்தது!" என்றார்.

பாவசங்கீர்த்தனத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. தனக்கு விதித்த செபமாலைகள் குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று தீர்மானித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் போனார். அந்தச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தினதோடு சேர்த்து ஒரு சிலுவைப்பாதையும் செய்யச் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்றபோது, "ஒரு துளி ரத்தத்தை வச்சு முழு மனுசனையும் தீர்ப்பிடலாமோ?" என்று டொக்டரிடம் கேட்டார். இரண்டாம் முறை எடுத்தபோது சீனி இன்னும் கூடியிருந்தது. கோபத்தில் கூடியது என்பது அவருடைய வாதம்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக, அவருடைய மனுக்களை எல்லாம் எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. ஆகவே அந்தப் படத்தின் விவகாரத்தில் முதல் நாளிலிருந்து நானும் மாட்டிக்கொண்டேன்.

அண்ணைக்கும் திரேசக்காவுக்கும் கலியாணப் பொன்விழா. பிரான்சிலிருந்து மூத்த மகள் வந்திருந்தாள். பங்கு மண்டபத்தில் விருந்து. மேடையில் திரை போட்டு மூடிய பெரிய படம் ஒன்று. கேக் வெட்டுவதற்கு முன் மகள் திரையை இழுத்தாள்.

அவர்களுடைய கலியாணப் படம்தான். ஸ்ரூடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கம்பியூட்டருக்குக் கொடுத்துக் கலர் அடித்து, ஆளுயரத்துக்குப் பெருப்பித்து, சட்டம் போட்டிருந்தார்கள். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. "ஐயோ என்ன வடிவு!" என்று பெண்கள் பக்கம் ஒரே சத்தம்.

நானும் பார்த்தேன். அண்ணையின் வாடகைக் கோட்டு பள்ளிக்கூடப் பெடியனின் காற்சட்டைபோல நீலம். உதடுகள் பீற்றூட் தின்ற சிவப்பு. பூச்செண்டு பிடித்திருந்த திரேசக்காவின் ஒரு கை ரோஸ் நிறம். மறு கையை அந்த மென்பொருள் கண்டுகொள்ளவே இல்லை. அது சாம்பல் நிறத்தில் யாரோ இறந்தவருடைய கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. முகம்? பனங்கட்டியும் தேயிலையும் கலந்த நிறத்தில் ஊர் முழுக்க அறிந்த திரேசக்காவின் முகம், படத்தில் பாணுக்கு மாப் பிசைந்து வைத்ததுபோல இருந்தது.

கைதட்டல் ஓயும் முன்பே அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஆர் உந்த மனுசி?"

மகள் சிரித்தாள். "அப்பா, அது அம்மா."

"உன்ரை அம்மாவை உனக்கு முதலே எனக்குத் தெரியும். உது ஆரோ பேக்கரிக்காரி. நான் உவளைக் கட்டேல்லை!"

"அப்பா, உதிலை இருக்கிறது நீங்களும் அம்மாவும்தான். கம்பியூட்டர் கலர் போட்டது."

"கம்பியூட்டர் எங்கடை கலியாணத்துக்கு வந்ததோ? கழட்டு உதை!"

மகள் அழுதாள். சாமியார் செபம் சொல்லத் தொடங்கினார். திரேசக்கா கத்தியை எடுத்துத் தனியாகக் கேக்கை வெட்டி, துண்டு துண்டாக எல்லாருக்கும் கொடுத்தார். அண்ணைக்கு மட்டும் கொடுக்கவில்லை.

எனக்கும் கோபம்தான். அதை இங்கே சொல்லாமல் விட முடியாது. இப்போது யாரைப் பார்த்தாலும் பழைய யாழ்ப்பாணப் படங்களைக் கையில் கிடைத்த மென்பொருளுக்குள் தள்ளி, வெளியில் எடுத்து, "அப்படியே உயிரோடு இருக்கு" என்று முகநூலில் போடுகிறார்கள். பனைமரம் கிளிப்பச்சையில் நிற்கிறது. எங்கள் கடல் ஹோட்டல் நீச்சல்குளம் மாதிரிக் கிடக்கிறது. வெயிலிலே வெந்து தோட்டம் கொத்திய மனிதர்கள் எல்லாரும் நேற்றுத்தான் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியவர்கள் போலச் சிவந்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் கறுப்பாகவாவது இருந்தோமே! கலர் வந்ததும் அதுவும் போயிற்று.

மகள் பிரான்சுக்குத் திரும்பிப் போனாள். படம் வீட்டுக்கு வந்தது. திரேசக்கா அதை முன்கூடத்தில், திருக்குடும்பப் படத்துக்குக் கீழே மாட்டினார். அண்ணை அதைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அக்கா திரும்ப நேராக்கினார். இப்படியே நாள்கள் போயின. இருவரும் ஆளோடு ஆள் கதைப்பதை விட்டுவிட்டார்கள். அண்ணை நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, எழுது. உந்தக் கலர் அடிச்ச கொம்பனிக்கு ஒரு கடிதம்."

"அண்ணை, அதுக்கு ஒரு ஆள் இல்லை. போனிலை அமத்தினா அதுவே செய்யும். ஆருக்கெண்டு எழுதுறது?"

"விலாசமில்லாதவன் என்ரை மனுசியின்ரை நிறத்தைத் தீர்மானிக்கிறானோ? ஆர் குடுத்த அதிகாரம்?"

கடிதம் எழுதாமலே அவரை அனுப்பிவைத்தேன். அன்று பின்னேரம், அண்ணை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, திரேசக்காவிடம் போனேன். மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே, படத்தைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தம்பி, நான் பிறந்ததிலையிருந்து கறுப்பி. பள்ளிக்கூடத்திலையும் கறுப்பி, கட்டி வந்த வீட்டிலையும் கறுப்பி. அண்டைக்குத்தான் முதல்முதலா ஒரு மண்டபமே எழும்பி நிண்டு வடிவெண்டு சொன்னது. அவ்வளவு சனத்துக்குள்ளை இவர் ஒரு ஆள்தான், இல்லை, என்ரை மனுசி உப்பிடியில்லை எண்டவர். சரி, இல்லைத்தான். அதை அப்பிடிக் கத்திச் சொல்லவேணுமோ?"

 அண்ணை மண்டபத்தில் சொன்னது ஒன்று, அக்காவின் காதில் விழுந்தது வேறொன்று. அண்ணை வந்ததும் வேலியோரம் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். அவர் "ஆர் சொன்னது?" என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார். 

அடுத்த நாள் காலையே என்னையும் இழுத்துக்கொண்டு படக்கடைக்குப் போனார். மகளிடமிருந்து படத்தை வாங்கி, மென்பொருளில் கலர் அடித்து, பெருப்பித்துச் சட்டம் போட்டது சந்தியில் இருக்கும் சுகந்தியின் கடை. போட்டோக்கொப்பி, லாமினேற், பாஸ்போட் படம் என்று எல்லாம் செய்கிற பெண். அண்ணை வாசலிலேயே வழக்கைத் தொடங்கினார். சுகந்தி பயப்படவில்லை. கறுப்பு வெள்ளை மூலப் படத்தைத் திரையில் எடுத்து, முகத்தைப் பெருப்பித்துக் காட்டினாள்.

"அங்கிள், கம்பியூட்டரை ஏசாதேங்கோ. இதைப் பாருங்கோ. அன்ரியின்ரை முகம் மூலப் படத்திலையே வெள்ளை. கழுத்திலை கோடு தெரியுது பாருங்கோ. பவுடர்! அள்ளி அப்பியிருக்கினம். அது பவுடரைத் தோலெண்டு நினைச்சுக் கலர் போட்டிட்டுது."

"என்ன பவுடர்? ஆர் அப்பினது?"

வீட்டுக்குப் போனதும், கதையாமல் இருந்த கணக்கை மறந்து, அதே கேள்வியை அக்காவிடம் கேட்டார். அக்கா முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார்.

"மாமிதான். கலியாணப் பூசைக்கு வெளிக்கிடேக்கை உள்ளை வந்து, படத்திலையாவது கறுப்பி வெளுப்பாத் தெரியட்டும் எண்டு முழு ரின்னையும் கொட்டச் சொன்னவ. எனக்குத் தும்மல் தும்மலா வந்தது. கோயில்லை நான் அழுதனான் எண்டு நீங்கள் நினைச்சியள். அது பவுடர்."

அண்ணை சட்டைகூடப் போடவில்லை. துவாயைத் தோளில் எறிந்துகொண்டு வெளிக்கிட்டார். எங்கே போகிறார் என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன். நேரே சேமக்காலைக்குப் போய், தாயின் கல்லறைக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார்.

"எணை அம்மா! உனக்கு என்ன குறை வச்சனான்? செத்த வீட்டுக்குப் பாண்ட் வாத்தியம் பிடிச்சு, பளிங்குக் கல்லும் போட்டனான். நீ என்ரை பொம்பிளைக்கு மாப் பூசினனியோ? அவளின்ரை நிறம் உனக்கு என்னணை செய்தது?"

பக்கத்துக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மெல்ல எழும்பி அடுத்த வரிசைக்குப் போனது. அண்ணை நிறுத்தவில்லை. மூச்சு வாங்கும்வரை பேசினார். பிறகு கல்லில் விழுந்து கிடந்த காய்ந்த இலைகளைத் துவாயால் தட்டிவிட்டு, ஒரு பரமண்டல செபமும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

வந்து குசினி வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"இஞ்சேர், சந்திக்கடை வரைக்கும் ஒருக்கா வாறியே? படத்தைத் திருத்தவேணும். நீ இல்லாட்டிச் சரிவராது."

திரேசக்கா சீலை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் சைக்கிளில் போனேன். சுகந்தி இம்முறை மென்பொருளைத் தன் பாட்டுக்கு விடவில்லை. அக்காவின் முழங்கை உட்புறத்தைப் போனில் படம் எடுத்து, அந்த நிறத்தைத் திரைக்குக் கொண்டுவந்து, பவுடர் படிந்த இடமெல்லாம் மெல்ல மெல்லப் பூசினாள். சாம்பல் கைக்கும் உயிர் வந்தது. அண்ணை பின்னால் நின்று வாகனம் பின்னுக்கு எடுப்பவனுக்கு வழி சொல்வதுபோலக் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னும். இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும்."

"அங்கிள், இதுக்கு மேலை போனா அன்ரி கோவிப்பா."

"பிள்ளை, மீன் ஏலம் கூறுற இடத்திலை, பட்டப்பகல் வெயில்லை நிக்கேக்கை கண்டனான் இவளை. அந்த நிறத்தைப் பாத்துத்தான் கட்டினனான். வீட்டிலை எல்லாரும் வேண்டாம் எண்டவை. நான் சும்மா விட்டனானோ? இப்ப நீ வெளுப்பாத் தந்தா, நான் அவையோடை சண்டை பிடிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

திரேசக்கா தலையைக் குனிந்துகொண்டார். "விடுங்கோ, ஆக்கள் நிக்கினம்" என்றார். லாமினேற் பண்ண வந்து நின்ற ஒருவர் தன்னுடைய அடையாள அட்டையை மிகவும் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

அடுத்தது கோட்டு. அது மண்ணிறம் என்று அண்ணை ஆரம்பித்ததும், "அது நீலமாவே கிடக்கட்டும். உங்களுக்கு நல்ல எடுப்பாக் கிடக்கு" என்றார் அக்கா. அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். நீலமே நின்றது.

புதுப் படம் அச்சாகி வந்தது. சுகந்தி அதை மேசையில் விரித்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நீண்ட நேரம் பார்த்தார்.  பிடிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் இனிச் சமாதானமே வராது.

"எங்கடை அம்மா," என்றார் கடைசியில். "அப்பிடியே எங்கடை அம்மா. அவவின்ரை படமெல்லாம் இடம்பெயரேக்கை போயிட்டுது. முகம் மறந்துபோச்செண்டு இருந்தனான். என்ரை முகத்திலை இருந்திருக்கிறா."

அண்ணை படத்தைச் சுருட்ட விடாமல், விரித்தபடியே தருமாறு சுகந்தியிடம் கேட்டு வாங்கினார்.

வெளியே நல்ல வெயில். இந்த ஊரில் அவர் வயதுக்காரர்கள் மனைவிக்கு ஒரு வேலி தூரம் முன்னால்தான் நடப்பார்கள். அண்ணை படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், அக்கா மறுபக்கத்தைப் பிடித்தார். ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். எனக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடந்தது. மணியை ஒருதரம் அடித்தால் விலகியிருப்பார்கள். நான் சைக்கிளிலிருந்து இறங்கி, அதை உருட்டிக்கொண்டு, அவர்கள் வீடு போய்ச் சேரும்வரை பின்னாலேயே நடந்தேன்.