கியர் அண்ணாச்சியின் பதினோரு மாலைகள்

வண்டி தெருமுனை திரும்பும் சத்தத்திலேயே அதன் வியாதியைச் சொல்லிவிடும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடி கியர் அண்ணாச்சி. நான் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பொறியாளர். கருவி வைத்து அளந்தும் எனக்குப் பிடிபடாத கோளாறை அவர் டீ குடித்துக்கொண்டே சொல்வார்.

தன் கார் பட்டறைச் சுவரில் அவர் ஒரு புகழ் மண்டபம் வைத்திருந்தார். சாதாரணக் குடும்பக் காரில் பந்தயம் ஜெயித்த பதினோரு பேரின் படங்கள்.

"கூர இல்லாம மூக்க நீட்டிக்கிட்டு ஓடுறதெல்லாம் ஒரு காரா? நாலு கதவு வேணும், டிக்கி வேணும். அத வச்சு ஜெயிக்கான் பாரு, அவன்தான் வீரன்!"

ஒரு பந்தயத்தையும் அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்தச் சுற்றில், எந்த வளைவில், யார் எந்தக் கியரில் திரும்பினார் என்று ஒப்பிப்பார். காணொளியை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை சோதித்தேன். மூன்றும் சரி.

சிக்கல் மரியாதையில் இருந்தது. பதினோரு பேரும் உயிரோடு இருப்பவர்கள். அண்ணாச்சியோ தினமும் அத்தனை படத்துக்கும் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சிவப்பு பல்பு எரியவிட்டார்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த காயல்பட்டினத்து இளைஞர் ஒருவர் புதுக் காரைக் கொண்டுவந்தார். சுவரைப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரு அண்ணாச்சி?"

"கார் ஓட்டுனவங்க தம்பி."

இளைஞர் மறுபடி காரில் ஏறினார். வந்த வழியே ரிவர்ஸில் போய்விட்டார். அங்கே வண்டி விட்ட பதினோரு பேர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி பரவியது. ஒரு மாதம் என் வண்டியைத் தவிர வேறெதுவும் உள்ளே வரவில்லை.

அண்ணாச்சியின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, படிச்ச பொண்ணுதானே நீ? மாலைய எடுக்கச் சொல்லு. இல்லன்னா பட்டறையப் பூட்ட வேண்டியதுதான்."

"பூட்டுனாலும் பூட்டுவேன், மாலைய எடுக்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

எனக்குப் பட்டியல் போட்டால்தான் யோசனை ஓடும். ஏழு வழிகள் எழுதி, ஆறை அடித்தேன். மறுநாள் ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் அட்டையை ஒட்டினேன்: 'நலமாக இருக்கிறார்.'

"எழுதுனா உண்மையா இருக்கணும்லா" என்ற அண்ணாச்சி, அன்றுமுதல் தினமும் காலையில் போனில் செய்திகளைத் துழாவிப் பதினோரு பேரின் நலத்தையும் விசாரித்த பிறகே ஷட்டரைத் தூக்கினார். காயல்பட்டினத்துக்காரர் திரும்பி வந்து, பதினோரு அட்டையையும் விரல் வைத்துப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கூட்டம் திரும்பியது.

போன மாதம் ஒரு காலை, ஷட்டர் பாதியில் நின்றது. வெளியே ஐந்து கார்கள் காத்திருந்தன. உள்ளே அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் அட்டை.

"அஞ்சாவது ஆளு போயிட்டாரு தாயி. வெளிய சொல்லிரு. போறவங்க போட்டும்."

சொன்னேன். காயல்பட்டினத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் குனிந்து உள்ளே வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்து, முன்பின் தெரியாத அந்த மனிதரின் படத்துக்கு முன் நின்றார்கள். அண்ணாச்சி எழுந்து, அந்த ஒரு படத்தின் மாலையை மட்டும் கழற்றினார்.

"இன்னைக்குப் போய் ஏன் எடுக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருக்கும்போதே போட்டாச்சுல்லா."

எல்லாரும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டே போனார்கள். என் வண்டியில் அன்று எந்தக் கோளாறும் இல்லை. இருந்தாலும் அதை அவரிடமே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.