மலைப்பூதத்துக்குப் போட்ட கவசம்

இந்தப் பொங்கலுக்கு மாமியார் வீடு கிடையாது. மூன்று நாளும் பெரம்பலூரில், என் வீட்டில், என் தலையணையில் தூக்கம். இப்படி ஒரு வீரசபதம் எடுத்தேன். மனைவி மஞ்சுவின் காதில் விழாதபடிதான்.

அவளோ தா.பழூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயே தீரவேண்டும் என்றாள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. சீட்டாட்டத்தில் ஜெயிப்பவர் சொல்வதுதான் பொங்கல்.

சீட்டு என்றால் ரம்மி இல்லை. சிங்கப்பூரிலிருந்து மச்சான் அறிவரசன் கொடுத்தனுப்பியது. சீட்டுக்குச் சீட்டு பூதம், பாம்பு, மந்திரவாதி. உயிர் எத்தனை, அடி எத்தனை என்று ஓரத்தில் எண். கூடவே இங்கிலீஷில் விதிப் புத்தகம். தாலுகா ஆபீஸில் பதினோரு வருஷமாக விதி படிக்கிறவன் நான். என்னிடமா?

போகி அன்று காலை ஆட்டம். என் மலைப்பூதத்துக்கு உயிர் எட்டு. அதன்மேல் கவசச் சீட்டையும் போட்டேன். இனி யார் அடித்தாலும் சேதம் பூஜ்யம். மஞ்சுவின் பாம்பு கடித்தது. பூஜ்யம்! கழுகு கொத்தியது. பூஜ்யம்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

"தோத்துட்டேன்னு சொல்லிடு மஞ்சு!"

"இன்னும் ஒரு சீட்டு இருக்குங்க." மந்திரவாதியை வைத்தாள். "உங்க பூதத்தை எடுங்க."

"கவசம் போட்டிருக்கேன்ல? சேதமே ஆவாது!"

"ஆவாதுதான். இவன் எங்க அடிச்சான்? பூதத்தை அழின்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்டி!"

"ஒண்ணா? கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்ப எங்க ஊருக்குக் கணக்கெடுக்க வந்தீங்களே. செவுரு இடிஞ்ச வூட்டுல டேப் புடிச்சு அளந்தீங்க. ஆத்தோட போன வூட்டுல எதை அளந்தீங்க?"

"இல்லாத வூட்டை எப்புடி அளக்கறது?"

"அதேதான். பன்னெண்டாம் பக்கம் பாருங்க."

பார்த்தேன். சேதம் என்றால் உயிரில் கழிக்க வேண்டும். அழி என்றால் எண்ணையே பார்க்காமல் சீட்டைத் தூக்கிவிட வேண்டும். கவசம் தடுப்பது சேதத்தை மட்டும். நாற்காலியிலிருந்து இறங்கி, என் பூதத்தை என் கையாலேயே எடுத்தேன்.

"சரி, துணி எடுத்து வைக்கிறேன்" என்றேன்.

"நேத்தே பை கட்டிட்டேங்க. உங்க தலையணையும் அதுலதான் இருக்கு."