அலமாரிக்கு எண்ணெய் போட்ட அத்தான் எழுதுவது

அன்பும், என் மூக்கு நுனிக் கோபத்தைத் தாங்கும் பொறுமையும் மிக்க மைத்துனனுக்கு,

இங்கே நான் சுகம், உன் அக்கா என்னைவிடச் சுகம், கீழ்வீட்டுத் தையற்காரர்தான் காதில் பஞ்சோடு நடமாடுகிறார். அங்கே உன் வீட்டாரும் லாரியும் சுகமாக இருக்க வேண்டும்.

நிற்க. வீடு மாறிப் போன யாரோ வேண்டாமென்று விட்டுச்சென்ற பாரிடோன் சாக்ஸபோனை, "அக்கா, ரிட்டயர் ஆயிட்டு சும்மா உட்கார்ந்தா உடம்பு கெட்டுடும்" என்று சொல்லி, நீதான் உன் லாரியில் கொண்டுவந்து இறக்கினாய். நான் அதை மறக்கவில்லை, உன்னையும் மறக்க விடமாட்டேன். அந்தப் பித்தளைக் குழாயின் உடம்பைப் பார்த்து, குரலும் தடித்ததாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். முதலில் அப்படித்தான் இருந்தது. அவள் ஊதினால் அடுக்களையில் தம்ளர்கள் நடுங்கும், நான் நிம்மதியாகப் பேப்பர் படிப்பேன். பிறகு அவள் சேர்ந்த வாத்தியக் குழுவின் மாஸ்டர், வருகிற சனிக்கிழமைக் கச்சேரியில் அவள் தனியாக வாசிக்க ஒரு பகுதியைக் கொடுத்து, அதன் உச்சியில் ஒரு ஸ்வரத்தையும் வைத்துவிட்டார். அந்த வாத்தியத்தைச் செய்தவனே அவ்வளவு உயரம் ஏறிப் பார்த்திருக்க மாட்டான். "உசரமா வாசிக்கணும்னா சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாமே?" என்றேன். "சின்னதுல யார் வேணா வாசிப்பாங்க" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மச்சான், நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எங்கே கிறீச்சென்று கேட்டாலும் என் கை எண்ணெய்க் குப்பியைத் தேடும். அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது வீட்டுக்குள்ளிருந்து அப்படியொரு கிறீச்சு. வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டேன், நிற்கவில்லை, ஜன்னல்களுக்குப் போட்டேன், நிற்கவில்லை, படுக்கையறையில் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் போய் இரும்பு அலமாரியின் கீலுக்கும் போட்டேன், அப்போதும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கத்துவது வாத்தியம் என்று எனக்கு உறைத்தது. மறுநாள் காலை அவள் அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இதுக்கு என்ன ஆச்சு? சத்தமே இல்லை?"

"எண்ணெய் போட்டேன்" என்றேன் பெருமையாக.

"ஐயோ, அதுதாங்க என் சுருதி!"

அந்த ஸ்வரத்துக்குக் கட்டையை அழுத்தினால் மட்டும் போதாதாம். ஊதுவதற்கு முன்பே அது காதிலும் தொண்டையிலும் வந்து நிற்க வேண்டுமாம். தினமும் அலமாரியைத் திறந்து கேட்டுவிட்டுத்தான் ஊதியிருக்கிறாள். "போன்ல வச்சுக் கேட்டுக்கோயேன்" என்றேன். "போன் டக்குனு கத்துது. அலமாரி கொஞ்சம் தயங்கும், அப்புறம் ஏறும். அந்தத் தயக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நானும் ஏறுவேன்" என்கிறாள். இப்போது அவள் ஊதினால் சில சமயம் வெறும் காற்று வருகிறது, சில சமயம் தையற்காரர் வருகிறார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மச்சான். நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் உதட்டில் விரலை வைத்துப் பிறரை அடக்கி, தானும் அடங்கியே பேசியவள். இப்போதுதான் ஒரே ஒரு சத்தத்துக்கு ஆசைப்பட்டாள், அதிலும் நான் எண்ணெயை ஊற்றிவிட்டேன். நாலு பேர் முன்னால் காற்று மட்டும் வந்து அவள் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமையே லாரியோடு வந்து வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடு. "விட்டுட்டுப் போனவங்க திரும்பக் கேக்கறாங்க" என்று சொல். அக்காவிடம் நீ சொல்லாத பொய்யா?

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. உனக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
எண்ணெய்க் கையோடு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. கீலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு மாட்டியிருந்தேன். துருப்பிடிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. இன்று காலை அவள் கதவைத் திறந்தாள். அலமாரி தயங்கியது, ஏறியது. அவளும் ஏறினாள். தையற்காரர் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, "வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மண்ணெண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆகவே வாத்தியத்தைத் தூக்க வராதே. ஆனால் லாரியோடு கட்டாயம் வா. "கச்சேரிக்கு அலமாரியை எப்படிங்க கொண்டுபோறது?" என்று கேட்கிறாள். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், மறுபக்கம் நீ பிடி.